டீச்சர்கிட்ட லெட்டர் கேக்க கூச்சமா இருக்கு!

கேள்வி: அக்கா, நான் ஜேசி (ஜூனியர் காலேஜ்) ரெண்டாவது வருஷம், சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கேன். அமெரிக்கா காலேஜுக்கு அப்ளை பண்ணணும், ரெண்டு டீச்சர் ரெக்கமெண்டேஷன் லெட்டர் கேக்குறாங்க. மேத்ஸ்ல எனக்கு ஏ வரல, ஆனா அந்த டீச்சருக்குத்தான் என்னை நல்லா தெரியும். அவங்ககிட்ட கேக்கலாமா?

பதில்: தாராளமா கேளும்மா. மார்க் எப்படியும் ரிசல்ட் ஷீட்ல தெரிஞ்சிடும், லெட்டர்ல காலேஜ்காரங்க தேடுறது அதுல வராத விஷயம், நீ புரியாம தவிச்சது, சந்தேகம் கேக்க டீச்சர்கிட்ட கன்சல்டேஷனுக்கு திரும்பத் திரும்பப் போய் நின்னது, கூட படிக்கிறவங்களுக்கு சொல்லிக் குடுத்தது, இதெல்லாம் பக்கத்துல இருந்து பாத்தவங்கதான் எழுத முடியும். ரெண்டாவது லெட்டருக்கு தமிழ் டீச்சரை மறந்துடாத! அமெரிக்காவுல எம்ஐடி மாதிரி காலேஜ்ல ஒண்ணு கணக்கு இல்லன்னா சயன்ஸ் டீச்சர், இன்னொண்ணு மொழி டீச்சர்கூட எழுதலாம்னே சொல்றாங்க.

ஆனா ஜூன் லீவுக்கு முன்னாடியே கேட்டுடு. நிறைய காலேஜுக்கு முதல் சுற்று கடைசி தேதி நவம்பர் 1, அப்போ உனக்கு ஏ லெவல் பரீட்சை, அதுக்கு முன்னாடி டீச்சர்ங்களுக்கு பிரிலிம், அதான் ஸ்கூல்ல வைக்கிற முன்னோட்டப் பரீட்சை, அந்தப் பேப்பர் திருத்துற வேலை, பாவம் அவங்களும் மனுஷங்கதானே. நேர்ல போய் கேளு, வாட்ஸ்அப்ல வேணாம். நீ செஞ்சதையெல்லாம் ஒரு பக்கத்துல எழுதிக் குடு. நிறைய காலேஜுக்கு ஒரே இடத்துல அப்ளை பண்ற காமன் ஆப் வெப்சைட்ல, லெட்டரைப் பாக்குற உரிமை எனக்கு வேணாம்னு டிக் பண்ணிடு, அப்பதான் மனசுவிட்டு எழுதுவாங்க.