வாசகர் கேள்வி-பதில்: தேள் சின்னம் மறுபடி ராலிக்கு வந்தது ஏன்?

(இந்த மாதக் கேள்விகள் பெரும்பாலும் கேரள, ஆந்திர எல்லையோரத் தமிழ் வாசகர்களிடமிருந்து. பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் மாவட்டம் இரண்டும் வந்திருக்கின்றன. கடிதம் எழுதுவோர் மாவட்டப் பெயரையும் சேர்த்து எழுதினால் நல்லது.)

தேள் சின்னம் கொண்ட, ஃபியட்டின் அபார்த் பிரிவு சில வருட இடைவெளிக்குப் பிறகு ராலிக்குத் திரும்பியபோது, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியைச் செய்யாமல் 124 ஸ்பைடர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை ஏன் எடுத்தது? ஒட்டுமொத்தமாக முதலிடம் பிடிக்கவே வாய்ப்பில்லாத வண்டியில் திரும்பி வந்து என்ன லாபம்?
– வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

முதலிடம் வராது என்பது அவர்களுக்கும் தெரியும். 1981-இல் உலக ராலிக்குள் வந்த நான்கு சக்கர இழுவை ஆடி குவாட்ரோ 1982-இல் தயாரிப்பாளர் பட்டம் வென்றபின், இரண்டு சக்கர இழுவை வண்டி அந்தப் பட்டத்தை வென்றது ஒரே ஒரு வருடம்தான்: 1983, லான்சியா 037. அதற்குப் பிறகு மண்ணிலும் பனியிலும் நான்கு சக்கர இழுவைக்கு எதிரே நிற்க முடியவில்லை.

2016 ஜெனீவா கண்காட்சியில் அபார்த் காட்டிய 124 ராலி, ஆர்-ஜிடி என்ற வகுப்புக்காகக் கட்டப்பட்டது. இரண்டு சக்கர இழுவை ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான வகுப்பு இது. போர்ஷே 911 மாதிரியான வண்டிகள் ஏற்கெனவே அதில் ஓடிக்கொண்டிருந்தன. உலக ராலியின் உச்ச வகுப்பில் இறங்குவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை: தனி எஞ்சின், தனி ஆய்வுக்குழு, கண்டம் கண்டமாக லாரியும் ஆளும். ஆர்-ஜிடியிலோ விற்பனையில் இருக்கும் காரை அடிப்படையாக வைத்து வண்டி செய்து, தனியார் அணிகளுக்கு விற்கலாம். செலவில் ஒரு பகுதி வாங்குகிறவர் பையிலிருந்தே வந்துவிடும். 2018, 2019 இரண்டு வருடமும் அந்த வகுப்பின் கோப்பை 124 ஓட்டியவர்களுக்கே போனது. எனவே ஜெயிக்காத வண்டி என்று சொல்ல முடியாது, ஓடிய களத்தில் ஜெயித்த வண்டிதான்.

இன்னொரு காரணம் பெயர். 1971-இல் அபார்த்தை ஃபியட் வாங்கியது. அடுத்த வருடக் கடைசியில் 124 அபார்த் ராலி வந்தது. கண்ணாடி இழை பானட், அலுமினியக் கதவு, பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். 1972, 1975 ஐரோப்பிய ராலிப் பட்டங்கள் 124 ஸ்பைடருக்குத்தான். 1974 போர்ச்சுகல் ராலியில் முதல் மூன்று இடமும் அதற்கே. அதன் பிறகு வந்த 131 அபார்த் 1977, 1978, 1980 உலகப் பட்டங்களை வாங்கியது. புதிய காருக்கு 124 என்று பெயர் வைத்துவிட்டு ராலிக்குப் போகாமல் இருந்திருந்தால்தான் கேலி செய்திருப்பார்கள்.

124 நமக்கும் அந்நியமில்லை. 1985-இல் வந்த பிரீமியர் 118 என்.இ-யின் உடம்பு ஃபியட் 124 சலூனுடையது, எஞ்சின் மட்டும் நிசானின் 1,171 சிசி.

என் பார்வையில் இந்தத் திரும்பலின் பலவீனம் வேறு இடத்தில் இருந்தது. புதிய 124 அபார்த் தனித்துச் செய்த கார் அல்ல. மஸ்டா எம்எக்ஸ்-5 தளத்தில், ஹிரோஷிமா ஆலையில் செய்தது. ரோட்டு வண்டியின் தயாரிப்பு 2020-க்குள் நின்றது. விற்கிற கார் கடையில் இல்லாதபோது, ராலி கார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் கம்பெனிக்கு அதைத் தாங்கிப்பிடிக்க அவசியம் இல்லாமல் போகிறது.

ரோட்டில் ஓடும் 124-க்கும் ராலி 124-க்கும் உண்மையான வித்தியாசம் என்ன? ஸ்டிக்கரும் உள்ளே போடும் பாதுகாப்புக் கூண்டும் மட்டும்தானா?
– கல்லூரி மாணவர், நகரி

எஞ்சினிலேயே வித்தியாசம் தொடங்குகிறது. ரோட்டு வண்டியில் 1.4 லிட்டர் டர்போ, 170 குதிரைத்திறன். ராலி வண்டியில் 1.8 லிட்டர் டர்போ, 6,500 சுற்றில் 300. சிறிய எஞ்சினை முறுக்கி 300 எடுக்கலாம். ஆனால் கீழ்ச்சுற்றில் இழுவை இருக்காது. கொண்டை ஊசி வளைவில் இருந்து வெளியே வரும்போது டர்போ காற்று நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். ராலியில் நேரம் போவது அங்கேதான்.

கியர்பாக்ஸ் ஆறு வேக சீக்வென்ஷியல் (கியர் வரிசையாக மட்டும் மாறும்), சாதேவ் என்ற பிரெஞ்சு கம்பெனியுடையது. நம் வண்டிகளில் கியர் மாறும்போது பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோ வளையம் இதில் கிடையாது. பல்லும் பல்லும் நேராகப் பூட்டிக்கொள்ளும். மேலே ஏற்றும்போது கிளட்ச் மிதிக்கத் தேவையில்லை, ஒரு கணம் எஞ்சினின் தீப்பொறி வெட்டப்படும், லீவரை இழுத்தால் போதும். ஆனால் பாதி மனதோடு இழுக்கக் கூடாது. மெதுவாகப் போட்டால் பூட்டுப் பல்லின் விளிம்பு உருண்டுபோகும். உருண்ட பல் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கியரிலிருந்து தானே கழன்று வரும். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கியரில் இது முதலில் தெரியும். அந்த நிலையில் ஆயில் மாற்றிப் பிரயோஜனமில்லை, பல்வளையத்தையே மாற்ற வேண்டும்.

பின் ஆக்சிலில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்: ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழலாமல் தடுப்பது. உள்ளே அடுக்கடுக்காக உராய்வுத் தட்டுகள். அவை தேய்ந்தால் வளைவில் உள்பக்கச் சக்கரம் வெறுமனே சுழலும்; டயரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். சஸ்பென்ஷன் ஆர்ம்களில் ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் உருண்டை மூட்டு: ஸ்டீரிங் துல்லியமாகும், ஆனால் மண் புகுந்தால் சீக்கிரம் கடகடவென்று ஆட ஆரம்பிக்கும்.

கொண்டை ஊசியில் வண்டியின் பின்பக்கத்தைத் திருப்ப இழுக்கும் ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. முன்சக்கர இழுவை வண்டியில் அதை அப்படியே இழுக்கலாம். பின்சக்கர இழுவை வண்டியில் கிளட்ச் மிதிக்காமல் இழுத்தால் பின்சக்கரத்தோடு எஞ்சினும் நின்றுபோகும், கொண்டை ஊசியின் நடுவில் குறுக்கே நிற்பீர்கள்.

அபார்த் கார் இந்தியாவில் விற்றதே இல்லையா?
– வாசகர், வாளையாறு

விற்றது. 2015-இல் 595 இறக்குமதியாக வந்தது, அதே வருடம் 145 குதிரைத்திறன் அபார்த் புன்டோவும் வந்தது. 124 மட்டும் வரவில்லை.

நெல்லியாம்பதியிலிருந்து நெம்மாறாவுக்கு இறங்கும்போது பாதி மலையில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. பேட் புதிது. ராலி வண்டிகள் எப்படித் தாங்குகின்றன?
– வாடகை கார் ஓட்டுநர், கொல்லங்கோடு

பெடல் அமுங்குகிறது என்றீர்களே, அதுதான் முக்கியமான தகவல். பெடல் கெட்டியாக இருந்து வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சாக இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழ் வந்திருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது. புதுப் பேட் அதற்கு மருந்தல்ல.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அவை 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. உங்கள் பக்கம் ஜூன் தொடங்கி நான்கு மாதம் மழை, மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஈரம் இன்னும் வேகமாக ஏறும். இரண்டு வருடம் மாற்றாத ஆயிலோடு மலை இறங்குவது ஆபத்து. ராலிக் குழுக்கள் ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் புது ஆயில் ஊற்றிவிடுவார்கள். ரகசியம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

டாட் 3 ஊற்றச் சொன்ன வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்று மட்டும் எழுதியிருந்தால் தொடாதீர்கள். அது சிலிக்கான், மற்றதோடு கலக்கக் கூடாது. சீல் உடைக்காத ஒரு லிட்டர் வாங்குங்கள். வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவில் இருக்கும் பழைய ஆயிலை ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பி, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்திலிருந்து ஏர் எடுக்கத் தொடங்குங்கள், கடைசியாக அருகில் இருக்கும் சக்கரம். வண்டிப் புத்தகத்தில் வேறு வரிசை சொல்லியிருந்தால் அதன்படியே. நிறம் தெளிந்து, குமிழ் நிற்கும்வரை விட வேண்டும். இடையில் டப்பா காலியாகிக் காற்று உள்ளே போனால், ஏபிஎஸ் வண்டியில் அதை எடுக்க ஸ்கேனர் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். வெளியே வந்த ஆயிலை மறுபடி ஊற்ற வேண்டாம். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு முழுதாக விட்டுவிடுங்கள். அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தியதும் டிஸ்க்கின் சூடு, பேடை அழுத்தும் காலிப்பருக்குள் இறங்கும், ஓடும்போது கொதிக்காத ஆயில் நிற்கும்போது கொதிக்கும். கிளம்பும் முன் பெடலை ஒருமுறை மிதித்துப் பாருங்கள். சூட்டோடு டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும்.

கிரானைட் குவாரிப் பாதையில் தினமும் ஹேட்ச்பேக் ஓட்டுகிறேன். ராலி வண்டியில் எஞ்சினடி ஆயில் தொட்டியைக் (சம்ப்) கல்லிலிருந்து காக்கப் போடுகிற சம்ப் கார்டு போடலாமா? எந்தத் தடிமன்?
– வாசகர், குப்பம், சித்தூர் மாவட்டம், ஆந்திரம்

போடலாம், ஆனால் கார்டை எதில் பொருத்துகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ரேடியேட்டரைத் தாங்கும் மெல்லிய தகட்டில் போல்ட் போட்டால், முதல் பெரிய கல்லிலேயே தகடு கிழிந்து ரேடியேட்டரும் போகும். பின்பக்கம் கிராஸ்மெம்பரிலும் முன்பக்கம் சேஸிஸ் நீட்டத்திலும் பிடிக்க வேண்டும்.

அலுமினியம் என்றால் 6 மிமீ, இரும்பு என்றால் 3 மிமீ. சுமார் 0.6 சதுர மீட்டர் கார்டுக்கு அலுமினியம் பத்துக் கிலோ, இரும்பு பதினான்கு கிலோ வரும். இரும்பு வளைந்தால் உள்ளூர் வெல்டர் நிமிர்த்திக் கொடுப்பார். தினசரி ஓட்டத்துக்கு நான் இரும்பையே சொல்வேன். சம்ப்புக்கும் கார்டுக்கும் நடுவே குறைந்தது 20 மிமீ இடைவெளி வேண்டும், எஞ்சின் மவுன்டில் ஆடும். முன் விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கட்டும். ஆயில் வடிக்கும் போல்டுக்கு நேரே துளை இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் மெக்கானிக் உங்களைத் திட்டுவார்.

கார்டு இல்லாமல் இதுவரை அடிபட்டிருந்தால் சம்ப்பைக் கழற்றிப் பாருங்கள். வார்ப்பு அலுமினியச் சம்ப் உடையும், ஒழுகும், உடனே தெரியும். தகட்டுச் சம்ப் உள்ளே நசுங்கும், ஒழுகாது. ஆனால் ஆயில் உறிஞ்சும் சல்லடைக்கு அடியில் இருக்கும் சிறு இடைவெளி மூடிக்கொள்ளும். அளவுகோலில் ஆயில் நிறையக் காட்டும், பேரிங்குக்கோ போய்ச் சேராது. ஏற்றத்தில் ஆயில் விளக்கு மினுங்கினால் அந்த நிமிடமே எஞ்சினை நிறுத்துங்கள்.

வாரம் ஒருமுறை கார்டுக்குள் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றை வெளியேற்றுங்கள். சேறு சூட்டைப் பிடித்து வைக்கும், ஒழுகுகிற ஆயிலையும் மறைத்துவிடும்.

ரோல் கேஜ் (வண்டி உருண்டால் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) போட்டு என் காரை ராலிக்கும் ஓட்டி, மற்ற நாளில் கடைக்கும் எடுத்துப் போகலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

வேண்டாம். கேஜ் ஹெல்மெட் போட்ட தலைக்குச் செய்தது. வெறும் தலை பக்கவாட்டுக் குழாயில் மோதினால், சின்ன விபத்தே பெரிதாகிவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்தில் செக்கிங் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமான தனியார் கார் இன்ஷூரன்ஸும் ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்தில் நடந்த சேதத்துக்குப் பணம் தராது. போட்டி வண்டியைத் தனியாக வைத்து, டிரெய்லரில் கொண்டுபோவதுதான் வழி.

அப்படிச் செய்தால், கேஜில் முன்சீட்டுக்குப் பின்னால் வரும் முக்கிய வளைவுக்குத் தையல் இல்லாத கார்பன் இரும்புக் குழாய் 45 மிமீ விட்டம், 2.5 மிமீ தடிமன். அல்லது 50 மிமீ, 2 மிமீ. மற்றக் குழாய்களுக்கு 38, 2.5, அல்லது 40, 2. ஒவ்வொரு காலுக்கு அடியிலும் 3 மிமீ தகடு, குறைந்தது 120 சதுர செமீ, மூன்று எம்8 போல்ட், 8.8 தரம். வாட்டர் பைப் கடையில் வாங்கும் ஜிஐ குழாயை போட்டிக்கு முன் வண்டியைச் சோதிக்கும் எந்த ஸ்க்ரூட்டினியரும் ஏற்க மாட்டார், ஏற்கவும் கூடாது. லைசென்ஸுக்கும் விதிப்புத்தகத்துக்கும் இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யை அணுகுங்கள்.

அப்படியானால் காரை மாற்றாமல் கலந்துகொள்ள ராலியே இல்லையா?
– வாசகர், குமுளி

டிஎஸ்டி (டைம்-ஸ்பீட்-டிஸ்டன்ஸ், அதாவது நேரம்-வேகம்-தூரம்) ராலி இருக்கிறது. சொன்ன சராசரி வேகத்தில், சொன்ன நேரத்துக்குக் கட்டுப்பாட்டுப் புள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் அபராதம். வேண்டியது சாதாரண கார், கணக்குத் தெரிந்த துணை ஆள், வினாடி காட்டும் கடிகாரம்.

முதலில் மீட்டரைச் சரிபாருங்கள். அமைப்பாளர் 8.00 கிமீ என்று சொல்லும் இடத்தில் உங்கள் மீட்டர் 8.20 காட்டினால், அவர்களுடைய ஒவ்வொரு தூரத்தையும் 1.025-ஆல் பெருக்குங்கள். 24.60 கிமீ உங்கள் மீட்டரில் 25.2 ஆகும். நேரத்தை மட்டும் அவர்கள் தூரத்தை வைத்தே போடுங்கள்: 3,600-ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கான வினாடி. 40 கிமீ வேகத்துக்கு 90 வினாடி, எனவே 24.60 கிமீக்கு 36 நிமிடம் 54 வினாடி.

ரயில்வே கேட்டில் இரண்டு நிமிடம் போனால் பதற வேண்டாம். 50-இல் ஓட்டினால் ஒரு கிலோமீட்டருக்கு 18 வினாடி மிச்சமாகும், ஏழு கிலோமீட்டருக்குள் சரியாகிவிடும். புதியவர்கள் 80-இல் விரட்டி, திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, இரண்டு நிமிடத்தைப் பத்து நிமிடமாக்கிக்கொள்வார்கள்.