கோபுரத்தையும் பழைய கட்டடங்களையும் தெருவோடு சேர்த்து வரைந்தால் ஏன் சாய்ந்த மாதிரி ஆகிறது? ஸ்கேல் வைத்துத்தான் வரைய வேண்டுமா?

நீங்கள் அநேகமாகச் செல்போன் படத்தைப் பார்த்து வரைகிறீர்கள். பொம்மை, பூவேலை எல்லாவற்றையும் ஆசை ஆசையாகப் போட்டுவிட்டுத் தெருவைக் கடைசியில் கீழே ஒட்டவைக்கிறீர்கள். இல்லையென்றால் மன்னிக்கவும். ஆனால் நான் பார்த்த வரையில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான்.

நான் ஓவியக் கல்லூரிக்குப் போனவன் இல்லை. கட்டட வரைபடம் போடுகிற சிவில் டிராஃப்ட்ஸ்மேன். கம்ப்யூட்டரில் வரைகிற ஆட்டோகேட் வருவதற்கு முன்னால் டீ ஸ்கொயரும் ரோட்ரிங் பேனாவுமாக வேலை பார்த்த ஆள். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காமராஜர் சாலை நடைபாதையில் உட்கார்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை வரைந்துகொண்டிருக்கிறேன்.

ராபர்ட் சிசம் வடிவமைத்து 1879இல் கட்டி முடித்த கட்டடம் அது. நாலு மூலையிலும் குவிமாடம் வைத்த கோபுரங்கள், பக்கவாட்டில் வரிசையாக வளைவுகள். பார்த்ததுமே கை குவிமாடத்துக்குத்தான் ஓடும். விடாதீர்கள். முதலில் தாளின் குறுக்கே கண்மட்டக் கோடு, அதாவது உங்கள் கண் இருக்கிற உயரத்தைக் காட்டும் படுக்கைக் கோடு, போடுங்கள். நின்று வரைந்தால், உங்கள் உயரம் உள்ள ஆள் பக்கத்தில் நின்றாலும் தெருக்கோடியில் நின்றாலும் கண் அந்தக் கோட்டிலேயே இருக்கும், கால்தான் மேலே ஏறும். சென்னை மேடு பள்ளம் இல்லாத ஊர், இந்த விதி இங்கே ஏமாற்றாது.

அப்புறம் நமக்குக் கிட்டே இருக்கிற மூலைக்கு ஒரு செங்குத்துக் கோடு. அங்கிருந்து இரண்டு சுவர்களும் ஆளுக்கொரு பக்கம் ஓடிக் கண்மட்டக் கோட்டில் ஒவ்வொரு புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் தாளுக்கு வெளியேதான் விழும். இரண்டையும் தாளுக்குள் அடக்கப் பார்த்தால் கட்டடம் வெட்டிய கேக் துண்டு மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். நான் பெரிய பலகையில் சின்னத் தாளை ஒட்டிக்கொள்வேன். பலகையின் ஓரத்தில் குண்டூசி, அதில் கறுப்பு நூல். இழுத்துப் பிடித்தால் எந்த ஜன்னல் விளிம்பு எவ்வளவு சரிய வேண்டும் என்று நூலே காட்டிவிடும்.

வளைவுக்கு முதலில் ஒரு கட்டம் போட்டு மூலைக்கு மூலை கோடு இழுங்கள். இரண்டும் வெட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் வளைவின் உச்சி. ஸ்கேலால் அளந்து நடுவில் வைத்தால் வளைவு கோணிக்கொள்ளும்.

சாய்வு விஷயத்துக்கு மயிலாப்பூர் போக வேண்டும். கபாலீஸ்வரர் கோயில் கிழக்குக் கோபுரம் இயல்பாகவே மேலே போகப் போகக் குறுகுகிறது. அடியில் நின்று போனை அண்ணாத்திப் பிடித்துப் படம் எடுத்தால் அது தன் பங்குக்கு இன்னும் குறுக்கிக் காட்டும். தள்ளி நின்று, போனை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். சுதைப் பொம்மைகளை எண்ண ஆரம்பிக்காதீர்கள். ஒவ்வொரு நிலையிலும் விளிம்புக்குக் கீழே விழுகிற நிழல் பட்டையை முதலில் போட்டுவிட்டு, வெயில் படுகிற நாலைந்து பொம்மைகளை மட்டும் ஒழுங்காக வரைந்தால் போதும். ‘ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி ஒவ்வொரு சிற்பத்தையும் வரைந்தாரே’ என்று யாராவது கமெண்டில் வருவார்கள். ஐயா, அவர் சில்பி.

விதி பார்த்து வரைந்தால் உயிர் போய்விடும் என்கிறவர்களும் வருவார்கள். ஒரு கண்காட்சிக்கு என் செனட் ஹவுஸ் படத்தைக் கொடுத்திருந்தேன். “எலிவேஷன் டிராயிங் மாதிரி இருக்கு சார், ஃபீல் இல்லை” என்றார் நடுவர். எலிவேஷன் என்றால் கட்டடத்தின் ஒரு முகத்தை நேர் எதிரே தட்டையாக வரைவது. அதில் பெர்ஸ்பெக்டிவே, அதாவது தூரம் போகப் போகச் சிறுத்துக் காட்டுவதே, கிடையாது, அதுகூடத் தெரியவில்லை. பரிசு வாங்கிய பாரிமுனைப் படத்தில், பஸ்ஸை ஒட்டி நடக்கிற ஒருவர் பஸ் கூரையை எட்டிப் பார்க்கிற உயரத்தில் இருந்தார். அதில் ஃபீல் இருந்ததாம். நுழைவுக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, படத்தைக் கண்ணாடியில் கீறலோடு திருப்பித் தந்தார்கள். கேட்டால் ஃபிரேம் போட்டவரைக் கேட்கச் சொன்னார்கள். சரி, அதை விடுங்கள்.

ஸ்கேலைப் பென்சில் வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மை போடும்போது வெறும் கைதான். பழைய சுண்ணாம்புச் சுவரின் விளிம்பு அவ்வளவு நேராக இருக்காது. மாட வீதிக்குப் போவதானால் விடிந்ததும் போய்விடுங்கள். கிழக்கு முகத்தில் வெயில் நன்றாக விழும், பைக் நிறுத்துகிறவர்கள் வருவதற்குள் உட்கார ஓர் இடமும் கிடைக்கும்.