ஒரு கப் மைதா எத்தனை கிராம்? கேக் அளவுகள் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, அமெரிக்க ரெசிபி ஒன்றில் 2 கப் மைதா என்று இருக்கிறது. ஒரு பட்டியல் கப்புக்கு 120 கிராம் என்கிறது, இன்னொன்று 150. எதை நம்புவது?

பதில்: இரண்டும் பொய்யில்லை, அள்ளும் விதம்தான் வேறு. மாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் கப்பில் தளர்வாகப் போட்டு, மேலே கத்தியால் வழித்தால் 120 முதல் 125 கிராம். டப்பாவுக்குள் கப்பையே விட்டு அள்ளினால் மாவு அமுங்கி 150 வரை போகும். 2 கப்புக்கு 50 கிராம் கூடிவிடும். கேக் வறண்டு போக அது போதும். எழுதியவர் எப்படி அள்ளினார் என்று குறிப்பு இல்லையா? 125 வைத்துச் செய்யுங்கள். மாவு குறைந்தால் கடைசியில் ஒரு ஸ்பூன் சேர்க்கலாம், கூடினால் எடுக்க முடியாது.

கேள்வி: கப் 240 என்றால் எல்லாவற்றையும் 240 கிராம் நிறுத்துவிடலாமே?

பதில்: ஐயோ, வேண்டாம்! 240 என்பது மில்லி. தண்ணீருக்குத்தான் மில்லியும் கிராமும் ஒன்று. பாலும் கிட்டத்தட்ட அப்படியே. சர்க்கரை கப்புக்கு 200 கிராம், எண்ணெய் சுமார் 220, தேன் 340. கடையில் வாங்கும் ஐசிங் சுகர் 120தான். மிக்ஸியில் பொடிப்பவர்கள் கவனியுங்கள்: பொடித்தால் சர்க்கரை உப்பிக்கொள்ளும், எடை மாறாது. அதனால் நிறுத்துவிட்டுப் பொடியுங்கள்.

கேள்வி: "ஒரு ஸ்டிக் பட்டர்" என்றால்?

பதில்: 113 கிராம், அதாவது அரை கப். நம் ஊர் 100 கிராம் பாக்கெட்டோடு ஒரு டேபிள்ஸ்பூன் சேர்த்தால் சரி. உப்பு போட்ட வெண்ணெய் என்றால் ரெசிபியில் சொன்ன உப்பை விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் சிட்னியில் இருக்கிறேன். பேக்கிங் பவுடர் ஒரு டேபிள்ஸ்பூன் போட்டேன். கேக் பொங்கி, நடுவில் அமுங்கிவிட்டது.

பதில்: ரெசிபி அமெரிக்காவுடையதா? அங்கே டேபிள்ஸ்பூன் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. ஒரு டீஸ்பூன் கூடுதலாகப் போயிருக்கும். டீஸ்பூன் இரண்டு நாட்டிலும் 5 மில்லிதான், அதனால் 3 டீஸ்பூனாக அளந்து போடுங்கள். உங்கள் ஊர்க் கப்பும் 250 மில்லி, ஆனால் அந்த வித்தியாசம் இவ்வளவு தொல்லை தராது.

கேள்வி: ஈஸ்ட், சோடாவையும் தராசில் வைக்கலாமா அக்கா? ஒவ்வொரு தடவையும் ஒரு எண் காட்டுகிறது.

பதில்: ஒரு கிராம் படியில் காட்டும் சமையல் தராசுக்கு இவ்வளவு சின்ன அளவு பிடிபடாது. ஸ்பூனில் தலைதட்டி எடுப்பதே நல்லது. 7 கிராம் ஈஸ்ட் என்றால் இரண்டேகால் டீஸ்பூன்.

கேள்வி: முட்டை?

பதில்: அமெரிக்க ரெசிபியின் பெரிய முட்டை, ஓடு நீக்கி 50 கிராம். நம் ஊர் முட்டை சிறியது. 3 முட்டை கேட்டால் உடைத்து அடித்து 150 கிராம் எடுங்கள்.

கேள்வி: மெஷரிங் கப்பே இல்லை. டம்ளரில் அளக்கலாமா?

பதில்: எல்லாம் கப் கணக்கில் உள்ள ரெசிபி என்றால் ஒரே டம்ளரில் அளந்தால் விகிதம் கெடாது. சிக்கல் முட்டையிலும் பேக்கிங் பவுடரிலும் வரும். அவை டம்ளரோடு சேர்ந்து குறையாதே. காலி டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராம்தான் அதன் மில்லி. 180 வந்தால் அது முக்கால் கப்.