வேலிக்குக் காட்டு ரோஜா, வீட்டோரம் ராசவள்ளி

கேள்வி: கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடி பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் காய்கறிக்காக விட்ட பத்து சென்ட் இடத்தைச் சுற்றிக் கல்கால் நட்டு முள்கம்பி இழுத்திருக்கிறேன். கம்பி வெறுமனே நிற்கிறது. அதில் ராசவள்ளிக் கிழங்குக் கொடியை ஏற்றிவிடு, வேலியும் ஆச்சு கிழங்கும் ஆச்சு என்கிறார் மாமனார். மன்னவனூரில் இருக்கும் அக்கா வீட்டு வேலியில் படர்ந்திருக்கிற வெள்ளைக் காட்டு ரோஜாதான் வேண்டும் என்கிறார் மனைவி. பன்றித் தொல்லையும் உண்டு. எதை நடலாம்? இரண்டையும் சேர்த்து நடலாமா?

பதில்: வேலிக்கு ரோஜாவை நடுங்கள். ராசவள்ளியும் கட்டாயம் நடுங்கள், ஆனால் வேலியில் வேண்டாம். ஒரே கம்பியில் இரண்டையும் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

மாமனார் சொல்வதில் பாதி சரி. ராசவள்ளி வேகமாகப் படரும், அகன்ற இதய வடிவ இலையால் இரண்டு மூன்று மாதத்தில் கம்பியை மூடிவிடும். ஆனால் சித்திரையில் நட்டால் மார்கழியில் இலை பழுத்து, தை பிறந்ததும் கொடி காய்ந்து சருகாகிவிடும். அதன் பிறகு அடுத்த கோடை மழை வரை உங்கள் வேலி மறுபடியும் வெறும் கம்பிதான். காட்டில் தீனி குறைந்து விலங்குகள் தோட்டத்தைத் தேடி வருகிற மாதங்களும் அவைதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் பன்றி. கிழங்கு வாசனை பன்றிக்கு எங்கிருந்தாலும் தெரியும். வேலியோரம் குழி குழியாகக் கிழங்கை வைத்தால், பன்றி கம்பியைத் தாண்டக்கூட வேண்டியதில்லை. வெளியில் நின்றபடியே மூக்கால் மண்ணைக் கிளறி, அடிக்கம்பிக்குக் கீழே பள்ளம் பறித்துத் தின்றுவிட்டு, அந்தப் பள்ளம் வழியாகவே உள்ளே வந்துவிடும். முள்ளம்பன்றி இருக்கிற இடமானால் கேட்கவே வேண்டாம்.

சரி, சேர்த்து நட்டால் என்ன என்கிறீர்களா? கிழங்கு எடுக்க ஒவ்வொரு வருடமும் ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டியாக வேண்டும். அந்த வெட்டில் ரோஜாவின் வேர் அறுபடும். மேலே ராசவள்ளி இலை போர்த்திக்கொண்டால் ரோஜாவுக்கு வெயில் இல்லாமல் உள்கிளைகள் காயும். கிழங்கு தோண்டக் குனிகிற உங்கள் முதுகையும் கையையும் முள் பதம் பார்க்கும்.

இனி ரோஜாவைப் பற்றி. உங்கள் மனைவி கேட்பது எந்த ரோஜா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேல்மலைப் பக்கம் வேலிகளில் வெள்ளையாகப் பூக்கிற கொடி ரோஜா ஒரே வகை அல்ல. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டு ஓரங்களில் இயற்கையாகவே வளர்கிற ஒன்று உண்டு. ரோசா லெசனால்டியானா என்பது அதன் தாவரவியல் பெயர். ஐந்தே இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம், நல்ல மணம். மற்றது சீனா, ஜப்பான் பக்கத்திலிருந்து வந்த ரோசா மல்டிஃபுளோரா. ஒட்டு ரோஜாவுக்கு அடிச்செடியாகப் பயன்படுத்துவது. மேலே கட்டிய ஒட்டு பட்டுப்போனபின் அடிச்செடி மட்டும் தழைத்து வேலியில் ஏறியிருக்கும். வீட்டுக்காரரோ அதையும் காட்டு ரோஜா என்றே சொல்லிக்கொண்டிருப்பார்.

பூ இல்லாத காலத்திலும் மல்டிஃபுளோராவை அடையாளம் காணலாம். ஓர் இலையைக் காம்போடு கிள்ளி, காம்பு தண்டில் ஒட்டுகிற இடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சிறு சிறகு போல ஒன்று இருக்கும். அதன் விளிம்பு சீப்புப் பல்லாகக் கிழிந்திருந்தால் மல்டிஃபுளோரா. பூக்கும் காலமாக இருந்தால் இன்னும் எளிது: பொடிப் பூக்கள் பெரிய கொத்தாக நிற்கும்.

மல்டிஃபுளோரா என்றால் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 1930களில் அமெரிக்காவில் மண் அரிப்பைத் தடுக்கவும் உயிர்வேலிக்கும் என்று அரசுத் துறையே விவசாயிகளை நடச் சொன்ன செடி இது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, மேய்ச்சல் நிலமெல்லாம் புதராகி, இன்று அங்கே பல மாநிலங்களில் களைப் பட்டியலில் இருக்கிறது. வளைந்து மண்ணைத் தொடுகிற நுனியும் வேர்விட்டுத் தனிச் செடியாகிவிடும். காப்பிக்குள் புகுந்தால் பழம் பறிக்க வருகிறவர்கள் உங்களைத் திட்டுவார்கள். அதனால் என் ஓட்டு முதலில் சொன்ன, சோலைக்காட்டு ஓரத்தில் வளர்கிற மலை ரோஜாவுக்கே. அது மேல்மலைக் குளிருக்குப் பழகியது, மன்னவனூரில் பூக்கிற அளவு உங்கள் உயரத்திலும் பூக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வேலிக்கு நமக்கு வேண்டியது முள்தானே.

அக்கா வீட்டு வேலியிலிருந்தே குச்சி வாங்கி வாருங்கள். காப்புக்காட்டுக்குள் போய் வெட்டுவதோ செடியைப் பிடுங்குவதோ குற்றம். பென்சில் கனத்தில், முற்றியும் முற்றாமலும் இருக்கிற கிளையில் முக்கால் அடி நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை நீக்கி, கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வெட்டு வெட்டி, நிழலில் மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்த பையில் மூன்றில் இரண்டு பங்கு புதையும்படி ஊன்றுங்கள். எல்லாம் பிழைக்காது, கூடுதலாகவே போடுங்கள். நன்றாக வேர் பிடித்த பிறகு, மழை கிடைக்கிற காலமாகப் பார்த்து வேலியை ஒட்டி மூன்றடிக்கு ஒன்றாக நடலாம். கிளைகளை நேராக மேலே போகவிடாமல் கம்பியோடு படுக்கை வாட்டத்தில் கட்டுங்கள். படுத்த கிளையில்தான் கணுவுக்குக் கணு பக்கக்கிளை வெடித்து வேலி அடைபடும். அடர்த்தியாக இரண்டு மூன்று வருடம் ஆகும், பொறுக்கத்தான் வேண்டும்.

கவாத்தில் பலர் தப்பு செய்கிறார்கள். தோட்டத்து ஒட்டு ரோஜாவை வெட்டுவது போலப் பூக்கும் பருவத்துக்கு முன்னால் ஒட்ட வெட்டிவிட்டு, பூவே இல்லை என்பார்கள். இந்த ரோஜாக்கள் போன வருடம் வளர்ந்த கிளையிலிருந்துதான் பூ எடுக்கும், அதுவும் வருடத்துக்கு ஒரு பருவம். எனவே பூ முடிந்த கையோடு வெட்டுங்கள். மண்ணைத் தொடப் போகிற நுனிகளை மட்டும் எப்போது கண்டாலும் நறுக்கலாம்.

ரோஜா மட்டும் பன்றியை நிறுத்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பன்றி முட்டுவது அடியில். அடிக்கம்பிக்கும் மண்ணுக்கும் இடையில் சங்கிலிக் கம்பிவலையை ஓரடி மண்ணுக்குள் போகும்படி புதைத்து, அதற்கு மேல் ரோஜாவைப் படரவிட்டால் பலன் உண்டு. காட்டு மாடு வந்தால் எந்தச் செடியும் உதவாது. கம்பியில் நேரடி மின்சாரம் கொடுக்கலாமா என்று அடுத்து கேட்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், மனித உயிரும் போயிருக்கிறது.

அப்புறம் ராசவள்ளி. வீட்டுச் சுவரை ஒட்டி, நாய் படுக்கிற பக்கமாக ஐந்தாறு குழி போதும், ஒரு குடும்பத்துக்குத் தாராளம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி எடுத்து, குழியின் முக்கால் அளவுக்கு மேல்மண்ணும் மட்கிய தொழுவுரமும் நிரப்பி, வேரழுகல் பூஞ்சையை அடக்குகிற நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்துவிடுங்கள். கால் கிலோ அளவு தோலோடு வெட்டிய விதைத்துண்டைச் சாணிக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்தி, கோடை மழை கிடைத்ததும் நட்டு, மேலே சருகு மூடாக்கு போடுங்கள். முளைத்த இரண்டு வாரத்துக்குள் கயிறு கட்டிக் கொடியை ஏற்றிவிட வேண்டும். தரையில் கிடந்தால் விளைச்சல் பாதிதான். பக்கத்தில் சில்வர் ஓக் இருந்தால் அதில் ஏற்றலாம், மிளகு ஏறாத மரமாகப் பாருங்கள். இலையில் கரும்புள்ளி விழுந்து நுனி கருகினால் ஆந்த்ராக்னோஸ் நோய். அந்தச் செடியிலிருந்து விதை எடுக்காதீர்கள். ஒன்பது பத்து மாதத்தில், நல்ல பராமரிப்பு இருந்தால் செடிக்கு இரண்டு மூன்று கிலோ எதிர்பார்க்கலாம்.

விதைக்கிழங்கை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. ராசவள்ளிக் கொடியை விரலால் உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டை தட்டுப்படும், பட்டை விளிம்பில் மெல்லிய இறக்கை ஓடும், இலைகள் எதிரெதிரே இருக்கும். தண்டு உருண்டையாகவும் இலைகள் மாறி மாறியும் இருந்தால் அது வேறு வள்ளி. மூன்று மூன்று இலையாகப் பிரிந்து, தண்டில் முள் இருந்தால் தொடவே வேண்டாம், அந்தக் கிழங்கில் நஞ்சு உண்டு. சந்தேகமாக இருந்தால் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா ரகங்களைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த வருடம் கிழங்கை நட்டுவிடுங்கள், அதற்கு வேலி அடைபடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரோஜா கவாத்தில் விழுகிற முள்கிளைகளை எரித்துவிடாமல், பன்றி நுழைந்த தடம் எங்கெங்கே தெரிகிறதோ அங்கே அடிக்கம்பியோரம் அடுக்கிக் கல் வைத்து அழுத்துங்கள்.