பழைய சர்வரில் 500, புதியதில் 1000: யூஐடி எல்லையை எங்கே வைப்பது?

கேள்வி: சென்டோஸ் 6 லினக்ஸ் ஓடும் எங்கள் ஃபைல் சர்வரில் பயனர்களின் யூஐடி (பயனர் அடையாள எண்) 500-இலிருந்து தொடங்குகிறது. நாங்கள் மாறப்போகும் அல்மாலினக்ஸ் 9-இல் அது 1000. புதிய சர்வரிலும் 500 என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்ததா?

பதில்: அப்படிச் செய்யாதீர்கள். இவை இரண்டும் சேர்ந்த ரெட் ஹேட் வகை லினக்ஸில் 7-ஆம் பதிப்பிலிருந்து 999 வரையிலான எண்கள் சிஸ்டம் கணக்குகளுக்கு உரியவை. ஒரு சர்வீஸை (பின்னணியில் ஓடும் நிரலை) நிறுவும்போது அதற்கான கணக்கு 999-இலிருந்து கீழ்நோக்கி எண் எடுக்கும்; உங்கள் பயனர்களோ 500-இலிருந்து மேல்நோக்கி வருவார்கள். இரண்டும் ஒரே வெளியில் கலந்தால், எந்த எண் மனிதருடையது, எது சர்வீஸுடையது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

5000-இலிருந்து தொடங்குங்கள். ரெட் ஹேட்டின் பரிந்துரையும் அதுதான். ஒதுக்கப்பட்ட எல்லை நாளை உயர்ந்தாலும் இடிக்காது. எட்சி அடைவில் உள்ள லாகின்.டெஃப்ஸ் கோப்பில் யூஐடி_மின், ஜிஐடி_மின் (பயனர், குழு எண்களின் தொடக்கம்) இரண்டையும் 5000 ஆக்குங்கள். யூஐடி_மேக்ஸ் (மேல் எல்லை) 60000 என்றே இருக்கட்டும்: 61184 முதல் 65519 வரை சிஸ்டம்டி (சர்வீஸ்களை நிர்வகிக்கும் நிரல்) தற்காலிகக் கணக்குகளுக்கு எடுத்துக்கொள்கிறது, 65534 'நோபடி' என்ற உரிமையில்லாக் கணக்கின் எண். இந்த மாற்றம் இனி உருவாகும் கணக்குகளுக்குத்தான். நிறுவும்போதே உருவான 1000 எண் கணக்கு அப்படியே இருக்கும்.

அடுத்து, அதே பெயர்களில் பயனர்களையும் குழுக்களையும் புதிய சர்வரில் முதலில் உருவாக்குங்கள். அதன்பிறகே கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை. ரூட்டாக (முழு அதிகாரக் கணக்கில்) எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியே, '-ஏ' சேர்த்து ஓட்டினால், அது உரிமையாளரைப் பெயரால் பொருத்தி, 501-ஐத் தானே 5001 ஆக்கிவிடும். '--நியூமெரிக்-ஐடிஸ்' சேர்த்தால் பழைய எண்ணே வந்து சேரும், சேர்க்காதீர்கள். டார் காப்பை (ஒரே கோப்பாகக் கட்டிய காப்புப் பிரதியை) விரிக்கும்போது '--நியூமெரிக்-ஓனர்' விஷயத்திலும் இதே கவனம் வேண்டும்.

பலரும் தவறவிடுவது, வேலையை விட்டுப் போனவர்களின் கோப்புகள். கணக்கை நீக்கியதால் அவற்றுக்குப் பெயர் இல்லை, எண் மட்டுமே உண்டு. அந்த எண்ணோடே அவை புதிய சர்வருக்கு வரும். அங்கே அதே எண் ஒரு சர்வீஸ் கணக்குக்குப் போயிருந்தால், அந்தக் கோப்புகள் சத்தமில்லாமல் அதன் சொத்தாகிவிடும். உரிமையாளர் இல்லாத கோப்புகளைத் தேடும் 'ஃபைண்ட் -நோயூஸர்' அங்கே அவற்றைக் காட்டாது. அதனால் நகலெடுக்கும் முன்பே, பழைய சர்வரில் அந்தக் கட்டளையை ஓட்டி ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரை முடிவு செய்யுங்கள். குழுக்களுக்கு '-நோகுரூப்'.

இந்தக் கோப்புகளை என்எஃப்எஸ் (வலைப்பின்னலில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாகத் திறக்கும் கணினிகள் இருந்தால் அங்கேயும் எண்ணை மாற்ற வேண்டும். வழக்கமான என்எஃப்எஸ் அமைப்பில் அனுமதி எண்ணை வைத்தே பார்க்கப்படுகிறது, பெயரை வைத்து அல்ல. அங்கே கணக்கின் எண்ணை மாற்றும் 'யூஸர்மாட் -யூ', ஹோம் அடைவுக்குள் உள்ளவை, அஞ்சல் பெட்டி ஆகியவற்றின் உரிமையை மட்டும் மாற்றும். வெளியே இருப்பவற்றை 'ஃபைண்ட் -யூஐடி 501' கொண்டு தேடி, உரிமையாளரை மாற்றும் 'சௌன் -ஹெச்' மூலம் நீங்களே மாற்ற வேண்டும்.