ஹொல்லரின் குளிர்காலப் பெண்: கேள்வி பதில்

கேள்வி: பரோக் ஓவியர்கள் (17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாணியினர்) குளிர்காலம் என்றாலே நெருப்பருகே ஒரு கிழவரை உட்காரவைப்பது ஏன்?

பதில்: எதை எந்த உருவமாக வரைவது என்று ஓவியர்களுக்குச் சொல்லும் கையேடான செசாரே ரீப்பாவின் 'இக்கனோலொஜியா' (1593) அப்படிச் சொல்லிவைத்தது: நரைத்து, தோல் சுருங்கிய ஆணோ பெண்ணோ, குளிர்காய நெருப்பு, நிறைந்த சாப்பாட்டு மேசை. பலர் அதைத்தான் பின்பற்றினார்கள். பிராகாவில் பிறந்து லண்டனில் வேலை பார்த்த வென்செஸ்லாஸ் ஹொல்லர் 1643இல் 'குளிர்காலம்' என்று செய்த எட்சிங்கை (அமிலம் அரித்த செப்புத்தகட்டில் எடுத்த அச்சுப்படம்) பாருங்கள். கிழவரும் இல்லை, நெருப்பும் இல்லை. வெளியே ஒரு பெண் நிற்கிறாள். முகத்தில் கறுப்பு முகமூடி, தோளில் மென்மயிர், கைகள் மஃப்புக்குள் (இரு கைகளையும் நுழைத்துக்கொள்ளும் மயிர் உறை), பின்னால் லண்டனின் கார்ன்ஹில் தெரு. அந்த மயிரை லென்ஸ் வைத்துப் பாருங்கள். எல்லாம் பொடிப்பொடிக் கோடுகள். பளபளக்கும் இடத்தில் மை கிடையாது, வெறும் தாள்!

கேள்வி: அருமையான என்கிரேவிங். என்னிடமும் ஒன்று இருக்கிறது, என்ன விலை போகும்?

பதில்: என்கிரேவிங் இல்லை, எட்சிங். என்கிரேவிங்கில் உளி செப்பைச் செதுக்கும். எட்சிங்கில் செப்பின் மேலுள்ள மெழுகுப் பூச்சில் ஊசியால் கீற, அமிலம் அரிக்கும். விலை போட்டோ பார்த்துச் சொல்வதில்லை.

கேள்வி: முகமூடி போட்டவள் விலைமாதுதானே?

பதில்: இல்லை. வெளியே போகும்போது தோல் கெடாமலிருக்க வசதியான வீட்டுப் பெண்கள் போட்டது அது. குளிருக்காகத்தான் மிருக மயிரை அணிகிறாள், கொடுமையால் அல்ல, இரவில் தழுவ மேனி மிருதுவாக இருக்கும் என்கிறது படத்துக்குக் கீழே உள்ள பாட்டு. பாட்டு குறும்புதான், அதற்காக அவள் தொழிலை நாம் மாற்ற வேண்டாம்.

அவரே மீண்டும்: அப்படியென்றால் இது ஃபேஷன் படம். குளிர்காலத்தை ஓர் ஆளாகக் காட்டும் உருவகம் எங்கே?

பதில்: நான்கு பருவங்களும் நான்கு பெண்களாக வருகிற தொகுப்பில் இவள் ஒருத்தி. தனியாகப் பிரித்தால் உடை மட்டும்தான் தெரியும்; மற்ற மூவரோடு வைத்தால் பருவமாகிவிடுவாள்.

அவரே: 1647இல் வெறும் மஃப்புகளை வரைந்தாரே?

பதில்: அதை ஒப்புக்கொள்கிறேன். அதில் முகம் இல்லை, ஆள் இல்லை, பருவமும் இல்லை. மயிர்மேல் இருந்த மோகம் மட்டுமே. ஆனால் அது நான்கு வருடம் கழித்து, ஆண்ட்வெர்ப்பில் செய்தது. அதை வைத்து 1643ஐ அளக்காதீர்கள்.

கேள்வி: சார், பாட்டி பெட்டியில் ஒரு படம் கிடைத்தது, விலை...

பதில்: விலை கேட்கும் இரண்டாவது ஆள்! ஓரத்தில் செப்புத்தகடு அழுந்திய தடம் இருக்கிறதா, விரலால் தடவுங்கள். லென்ஸில் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் நவீன அச்சு. தடம் இருந்தாலும் துள்ள வேண்டாம், தேய்ந்த தகட்டிலும் பின்னாளில் அச்சு எடுப்பார்கள்.

கேள்வி: எட்சிங் கற்க நல்ல வகுப்பு?

பதில்: அது என் துறை இல்லை. அமிலத்தை மட்டும் வீட்டுச் சமையலறையில் வைத்துப் பழகாதீர்கள்.