கேளுங்கோ சொல்லுறம்: கிளவுட் கேமா, கொன்சோலா?

கேள்வி: தம்பிக்கு பிளேஸ்டேஷன் வாங்கக் காசு சேர்க்கிறம். இப்ப கிளவுட்லயே விளையாடலாம், கொன்சோல் தேவையில்லை எண்டு கூட்டாளிமார் சொல்லுகினம். உண்மையோ?
- ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: கொன்சோலையே வாங்குங்கோ தங்கச்சி. கிளவுட் எண்டா கேம் ஓடுறது எங்கயோ இருக்கிற சேர்வரில, வீட்டுக்கு வாறது வீடியோ மட்டும்தான், தம்பி பட்டனை அமத்தினா அந்தச் சிக்னல் கடல் தாண்டிப் போய்த் திரும்ப வரோணும், படம் பாக்கேக்க கொஞ்சம் பிந்தினா ஆருக்கும் தெரியாது ஆனா ஃபுட்போல் கேமில கோல் அடிக்கேக்க பிந்தினா பந்து கோல்கீப்பற்ற கையிலதான். டேட்டாவும் பாருங்கோ, செக்கனுக்கு 25 மெகாபிட் ஓடினா மணித்தியாலத்துக்கு 11 ஜீபி போகும், எந்தப் பக்கேஜ் தாங்கும்?

கூகுள் 2019இல தொடங்கின ஸ்டேடியா எண்ட கிளவுட் கேம் சேவையை 2023 ஜனவரியில பூட்டிப்போட்டினம். கேம் வாங்கின காசைத் திருப்பிக் குடுத்தவைதான், ஆனா கேம் போட்டுது. எனக்கு அதுதான் பெரிய கவலை.

பழைய லப்டொப்பிலயும் ஓடும் எண்டது கிளவுட்டில நல்ல விசயம், ஃபைபர் இருந்தா ஒருக்கா ட்ரை பண்ணட்டும். கொன்சோல் எடுக்கேக்க டிஸ்க் போடுற மொடலா எண்டு கேட்டு எடுங்கோ, முடிச்ச கேமை வித்துப்போட்டு அடுத்ததை வாங்கலாம்.